தலை பேரரசருக்கு, பூ ஊருக்கு

இஸ்மிர் நகரின் நடுவே எழும் குன்றுக்கு இன்று கதிஃபெகலே என்று பெயர். உச்சியில் இடிந்தும் இடியாமலும் நிற்கும் கோட்டைச் சுவர். சரிவெங்கும் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள். அவற்றுக்கு அப்பால் ஏஜியன் கடலின் வளைகுடா. ரோமானியர் காலத்தில் இந்தக் குன்று பாகோஸ் மலை, ஊர் ஸ்மிர்னா. இங்கே வேட்டையாடிக் களைத்த அலெக்சாந்தர் ஒரு மரத்தடியில் படுத்து உறங்கியபோது, நெமிசிஸ் தேவியர் இருவர் கனவில் தோன்றி, "இந்த இடத்தில் நகரம் எழுப்பு, பழைய ஸ்மிர்னா மக்களை இங்கே குடியேற்று" என்று ஆணையிட்டார்களாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதி வைத்த கதை இது.

எழுத்தில் மட்டுமல்ல, காசிலும் இருக்கிறது அந்தக் கதை. மார்க்கஸ் ஒரேலியஸ் காலத்தில் ஸ்மிர்னா அடித்த வெண்கல நாணயம் ஒன்றில் மரம், அதன் கீழ் உறங்கும் வீரன், அருகில் நிற்கும் இரு தேவியர் என்று கனவு முழுவதும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது. சுமார் எழுபது ஆண்டு கழித்து மூன்றாம் கோர்டியன் காலத்திலும், பிறகு பிலிப் காலத்திலும் அதே படம் மீண்டும் வந்தது. அரியணையில் ஆள் மாற மாற, நாணயத்தின் ஒரு பக்கத்து முகமும் மாறியது. மறுபக்கத்தில் ஊர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பூவா தலையா போடுகிற எவருக்கும் காசுக்கு இரண்டு பக்கம் என்பது தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு குரலில் பேசிய காசுகள் உலக வரலாற்றில் அதிகமில்லை. ரோமப் பேரரசின் கிழக்குப் பாதியில், அகஸ்டஸ் தொடங்கி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், நூற்றுக்கணக்கான நகரங்கள் சொந்தமாக வெண்கலக் காசு அடித்துக்கொண்டன. தங்கம் பேரரசின் கையில். வெள்ளியும் பெரும்பாலும் பேரரசின் கட்டுப்பாட்டில். ரொட்டி வாங்கவும் பொதுக் குளியல்கூடத்துக்குக் கட்டணம் கொடுக்கவும் தேவைப்பட்ட சில்லறை மட்டும் அந்தந்த ஊரின் பொறுப்பு. மேற்கே ஸ்பெயின் நகரங்கள் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்த வேலையை விட்டுவிட்டன. கிழக்கில் அது செழித்து வளர்ந்தது. தலைப்பக்கத்தில் பேரரசர், சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அவர் பட்டங்கள். பின்பக்கத்தில் "ஸ்மிர்னா மக்களுடையது", "எபேசு மக்களுடையது" என்று ஊராரின் பெயர். பல காசுகளில் அந்த ஆண்டு பொறுப்பிலிருந்த உள்ளூர் அதிகாரியின் பெயரும் உண்டு.

பேரரசரின் முகத்தைக் காசில் போடு என்று ரோம் ஒவ்வோர் ஊரையும் மிரட்டியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மேற்குத் துருக்கியில் இந்தக் காசுகள் புழங்கிய ஊர்களின் வழியே போகும் பயணிக்கு அந்த நினைப்பு ஒவ்வோர் இடத்திலும் உடைகிறது. பேரரசரை விரும்பிப் பிடித்துக்கொண்டவை ஊர்கள்தான். நன்றி சொல்லவும், பெருமை பேசவும், பக்கத்து ஊரோடு மல்லுக்கட்டவும் அவர் முகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

குன்றிலிருந்து இறங்கினால் ஸ்மிர்னாவின் அகோரா, அதாவது சந்தைவெளி. இன்றைய கடைத்தெருக்களுக்கு நடுவே தூண் வரிசைகளும், தரைக்கடியில் நீளும் வளைவுக் கூடங்களும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கூடங்களின் சுவர்ப் பூச்சில் பழைய ஊரார் கிறுக்கிய கப்பல் படங்களும் எழுத்துகளும் இன்னும் இருக்கின்றன. இங்கே நின்று கி.பி. 26ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். பேரரசர் திபேரியஸுக்குக் கோயில் கட்டும் உரிமை ஆசிய மாகாணத்தில் எந்த ஊருக்கு என்று ரோம் செனட் சபையில் வழக்கு. பதினோரு நகரங்கள் தூதர்களை அனுப்பின. எங்கள் மண்ணில் 1,200 ஆண்டுகளாக நிலநடுக்கமே இல்லை என்றது ஹாலிகார்னசஸ். பெர்கமுவில் ஏற்கெனவே அகஸ்டஸ் கோயில் இருந்ததால் அதை ஒதுக்கினார்கள். எபேசுவுக்கு ஆர்ட்டெமிஸ் தேவியே போதும் என்றார்கள். கடைசியில் நின்றவை சர்தையும் ஸ்மிர்னாவும். ஒரு கடுங்குளிர் காலத்தில் ரோமப் படை உடையின்றித் தவித்த செய்தி கேட்டு, கூடியிருந்த எங்கள் மக்கள் தம் மேலாடைகளைக் கழற்றி அனுப்பினார்கள் என்று சொன்னார்கள் ஸ்மிர்னா தூதர்கள். வென்றார்கள். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இந்த வழக்கை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

அந்த வெற்றிக்குக் காசே சாட்சி. ஒருபக்கம் செனட் சபையை உருவகப்படுத்திய இளைஞனும், பேரரசரின் தாய் லிவியாவும் எதிரெதிரே பார்த்தபடி. மறுபக்கம் கோயில், அதன் நடுவில் திபேரியஸ் சிலை. கோயில் இன்று இல்லை. அதில் யார் யாருக்கு வழிபாடு நடந்தது என்பதைச் சில்லறைக் காசு சொல்கிறது.

அடுத்த நூற்றாண்டில் ஸ்மிர்னாவுக்குப் போலெமோன் என்ற நாவலர் வாய்த்தார். அவர் பேச்சில் மயங்கிய பேரரசர் ஹேட்ரியன் ஒரே நாளில் ஒரு கோடி திராக்மாவை ஸ்மிர்னாவுக்கு வாரி வழங்கியதாக ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதுகிறார். ஹேட்ரியனின் அன்புக்குரிய இளைஞன் அன்டினூஸ் கி.பி. 130இல் நைல் நதியில் இறந்தபோது, அவன் முகத்தோடு ஸ்மிர்னாவில் காசு வந்தது. பின்பக்கத்தில், இதை ஊருக்கு அர்ப்பணித்தவர் போலெமோன் என்று எழுதியிருக்கிறது. துயரத்தில் இருந்த பேரரசருக்கு ஓர் ஊர் தெரிவித்த ஆறுதல் அது. அதில் கணக்கும் இருந்திருக்கலாம். அன்பே இல்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது.

இஸ்மிரிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் பெர்கமா, பழைய பெர்கமு. கம்பிவட ஊர்தி ஏறி மலையுச்சிக்குப் போனால், முதலில் கண்ணை நிறைப்பது டிராஜன் கோயிலின் வெண்பளிங்குத் தூண்கள். ஜெர்மானிய அகழாய்வாளர்கள் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து அவற்றை மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். கோயில் 'நட்பின் காவலர்' என்ற பெயர்கொண்ட சியூஸ் கடவுளுக்கும் டிராஜனுக்கும் பொதுவானது. காசிலும் அப்படியே: சியூஸ் அமர்ந்திருக்க, பக்கத்தில் போர்க்கவசத்தோடு டிராஜன் நிற்கிறார். கடவுளின் தோழமையில் பேரரசர். முகப்பில் நேரில் எண்ணினால் ஆறு தூண். காசில் நான்கே தூண். நடுவில் சிலைகள் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சு வெட்டுபவர் இரண்டு தூணை விட்டுவிட்டார். நாணயக் கலையில் இது வழக்கம்தான். படத்தில் இருப்பதெல்லாம் அப்படியே கட்டடம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம் என்பதற்கு, காசையும் தூணையும் ஒருசேரப் பார்க்கக் கிடைக்கும் இந்த முற்றத்தைவிட நல்ல பாடசாலை கிடையாது.

இதே ஊரில் கி.மு. 29இல் அனுமதி பெற்றுக் கட்டிய ரோமா–அகஸ்டஸ் கோயில்தான் ஆசிய மாகாணத்தில் பேரரசர் வழிபாட்டின் தொடக்கம். அது இருந்த இடம் இன்றுவரை உறுதியாகவில்லை. அதன் தோற்றத்துக்கு நமக்குக் கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் நாணயங்களே. மலைச் சரிவில் உள்ள சியூஸ் பலிபீடத்தின் கதை வேறு. சிற்பங்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. இங்கே படிக்கட்டு மேடும் இரண்டு மூன்று பைன் மரங்களும்தான். செப்டிமியஸ் செவரஸ் காலத்துப் பெரிய பெர்கமு நாணயத்தில் அந்தப் பலிபீடம் தூண்களோடு முழுமையாக நிற்கிறது.

ஊருக்குக் கீழே அஸ்கிளேப்பியன், அதாவது மருத்துவக் கடவுளின் திருத்தலம். நோயாளிகள் இங்கே வந்து தங்கி, உறங்கி, கனவில் மருந்து கேட்டார்கள். கி.பி. 214 வாக்கில் பேரரசர் காரகல்லாவும் உடல்நலம் வேண்டி வந்தார். அந்த வருகையை பெர்கமு பெரிய வெண்கல வட்டுகளில் பதித்தது. மரத்தைச் சுற்றிய பெரும்பாம்பு ஒருபுறம், படைத்தலைவர் உடையில் வலக்கையை உயர்த்தி அதை வணங்கும் பேரரசர் மறுபுறம், இடையில் முக்காடிட்ட குழந்தைத் தெய்வம் டெலெஸ்போரஸ். உலகையே ஆள்பவர் எங்கள் ஊர்ப் பாம்பின் முன் கையெடுத்து நிற்கிறார் என்பதைவிடப் பெரிய பெருமை ஒரு நகரத்துக்கு வேறென்ன வேண்டும்! காசுக் கலையில் அதிகாரத்தின் திசையை இவ்வளவு அழகாகத் திருப்பிய படம் வேறில்லை என்று தோன்றுகிறது.

பெருமை ஒருபுறம் இருக்க, இவை கைக்குக் கை மாறிய சில்லறையும்தான். பெர்கமுவின் காசு மாற்றுவோர் கூடுதலாகப் பணம் பறிக்கிறார்கள் என்று வணிகர்கள் முறையிட்டிருக்கிறார்கள். ஹேட்ரியன் காலத்துக் கல்வெட்டில் அந்த வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. ஒரு தினாரி வெள்ளிக் காசுக்குக் கடைக்காரர்கள் 18 அசாரியா வெண்கலம் கொடுக்க வேண்டும். வெள்ளியைக் கொண்டுவந்து சில்லறை கேட்பவருக்குக் கிடைப்பது 17. இடையில் நிற்கும் அந்த ஓர் அசாரியன் காசு மாற்றுவோரின் வருமானம்.

இந்தச் சில்லறை சொந்த வட்டாரத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. கரூர், ஆனைமலை, பூதிநத்தம் என்று கொங்கு மண்ணில் கிடைத்த ரோமக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் பெயரிட்ட வெள்ளிதான். மிளகுக்கும் மணிக்கும் விலையாகக் கடல் தாண்டி வந்தது உலோகத்துக்காகவே மதிக்கப்பட்ட தங்கமும் வெள்ளியும். ஊர்ப் பெயரை நம்பி நின்ற வெண்கலத்துக்கு முசிறியிலோ கரூரிலோ என்ன மதிப்பு இருந்திருக்கும்?

பெர்கமாவிலிருந்து தென்கிழக்கே சாலை உள்நாட்டுக்குள் நுழைகிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஹெர்முஸ் சமவெளியின் ஓரத்தில் சார்ட் என்ற சிற்றூர். இதுதான் சர்தை. லிடிய அரசர்களின் தலைநகர்; லிடியா உலகின் முதல் நாணயங்கள் அடிக்கப்பட்ட நாடு. இங்கே ஓடும் பாக்டோலஸ் ஓடைதான் அந்தக் காலத்தில் பொன்துகள் தந்தது. 2025இல் சர்தையும், அருகிலுள்ள லிடியப் புதைமேடுகளும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கி.பி. 17இல் ஓர் இரவு நிலநடுக்கத்தில் ஆசியாவின் 12 நகரங்கள் இடிந்தன. மிகக் கடுமையாக அடிபட்டது சர்தை. திபேரியஸ் ஒரு கோடி செஸ்டெர்ஸ் தருவதாக வாக்களித்து, ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். ரோம் தன் பெரிய நாணயத்தில் "ஆசிய நகரங்கள் மீட்கப்பட்டன" என்று பொறித்து, அமர்ந்த நிலையில் பேரரசரைக் காட்டியது. சர்தை அடித்த காசைப் பாருங்கள். மண்டியிட்ட ஒரு பெண், அவள்தான் நகரத்தின் தேவி. நின்றபடி குனிந்து அவளுக்குக் கை கொடுத்துத் தூக்குகிறார் திபேரியஸ். ஊரின் பெயரோடு 'சீசரின் மக்கள்' என்ற புதுப் பெயரும் சேர்ந்துகொண்டது. ஒரே நிகழ்ச்சி, தலைநகரில் அது ஆட்சியின் சாதனை, இடிபாடுகளுக்கு நடுவே அது நீட்டிய கை. ரோமின் நாணயத்தையும் மாகாணத்தின் நாணயத்தையும் பிரித்துக் காட்டச் சொன்னால், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

சார்ட்டில் ஹார்வர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்கள் 1958இல் தொடங்கிய அகழாய்வு இன்றும் நடக்கிறது. அவர்கள் எடுத்து நிறுத்திய பளிங்கு முற்றத்தின் இரண்டு அடுக்குத் தூண்களுக்கு மேல் ஒரு நீண்ட அர்ப்பணிப்புக் கல்வெட்டு. காரகல்லா, அவர் தம்பி கெட்டா, தாய் யூலியா டோம்னா மூவருக்கும் உரியது. அதில் கெட்டாவின் பெயர் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது. இதன் மறுபாதி தெற்கே காத்திருக்கிறது.

அதற்கு முன் செல்சுக். எபேசுவின் வாசல். தமிழ் விவிலியம் தியானாள் என்று அழைக்கும் ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் பழைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்று. 1869இல் ஜான் டர்ட்டில் வுட் சேற்றுக்கடியில் அதன் அடித்தளத்தைக் கண்டுபிடித்தார். இன்று தண்ணீர் தேங்கிய பள்ளத்தில், துண்டுகளை அடுக்கி எழுப்பிய ஒற்றைத் தூண், மேலே நாரைக்கூடு. அவ்வளவுதான். கோயிலின் முகப்பு முக்கோணத்தில் திறப்புகள் இருந்தன என்பதைக் கட்டடக்கலை ஆய்வாளர்கள் எபேசுவின் காசுகளிலிருந்தே அறிந்தார்கள்.

எபேசுவின் காசில் தேனீயும் மானும் உண்டு, தேவியின் அடுக்கு மார்புச் சிலையும் உண்டு. ஆனால் ஊர் உயிரை விட்டது ஒரு பட்டத்துக்காக: நியோகோரோஸ், கோயில் காவலர். முதலில் ஆர்ட்டெமிஸ் கோயிலைக் காப்பவர்கள் என்ற பொருளில் வழங்கிய சொல், பேரரசர் கோயிலை வைத்திருக்கும் நகரம் என்ற அரசாங்கப் பட்டமாக உயர்ந்தது. நீரோ காலத்திலேயே எபேசு அதைக் காசில் போட்டுவிட்டது. டொமிஷியன் காலத்தில் பேரரசர் கோயில் ஒன்று எழுந்தது. ஹேட்ரியன் காலத்தில் இன்னொன்று. ஒன்று இரண்டாகி மூன்றாக, எண்களும் காசில் ஏறின. எலகபாலஸ் காலத்தில், எல்லா நகரங்களிலும் நான்கு முறை கோயில் காவலர் ஆனவர்கள் எபேசியர் மட்டுமே என்று அறிவித்தது ஒரு காசு. 222இல் எலகபாலஸ் கொல்லப்பட்டார். அடுத்து வந்த காசுகளில் எண் மூன்றுக்கு இறங்கியது.

ஸ்மிர்னா விட்டுவிடுமா? "ஆசியாவில் முதல், அழகிலும் அளவிலும்" என்று தன் காசில் எழுதியது. பெர்கமுவும் களத்தில் இறங்கியது. ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்குகளைக் கண்ட நமக்கு இந்தச் சண்டையின் சூடு புரியும். பேரரசர் அன்டோனினஸ் பையஸ் எபேசுவுக்கு எழுதிய கடிதம் கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. உங்கள் பட்டங்களை பெர்கமு முறையாகவே எழுதியிருக்கிறது, ஸ்மிர்னா விட்டது தற்செயலாக இருக்கும், நீங்களும் அவர்களை மதித்து எழுதுங்கள் என்று சமாதானம் சொல்கிறார். உலகப் பேரரசின் தலைவர் எழுத்தில் விடுபட்ட பட்டங்களுக்காக உட்கார்ந்து பஞ்சாயத்து செய்தார். பிறகு சமாதானமும் காசாக வந்தது. இரு ஊர்த் தேவியரும் அருகருகே நிற்க, 'ஹொமொனோயா', அதாவது ஒற்றுமை என்ற சொல் பொறித்த நாணயங்களை இந்த நகரங்கள் வெளியிட்டன.

இத்தனை தன்மானம் கொண்ட ஊர்கள் காசு அச்சை மட்டும் பகிர்ந்துகொண்டன என்பது வியப்பான செய்தி. ஒரே அச்சில் அடித்த பேரரசர் முகம் வெவ்வேறு ஊர்களின் காசில் இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் கொன்ராட் கிராஃப்ட் 1972இல் வெளியான நூலில் நிறுவினார். ஒரு பட்டறையே சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றுக்கும் வேலை செய்திருக்கிறது. தலை பொது. பூ மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

தெற்கே யாத்தான் பக்கம் போனால் நிலக்கரிச் சுரங்கங்கள் மலையைக் குடைந்திருக்கும் வட்டாரத்தில் எஸ்கிஹிசார். பழைய ஸ்ட்ராடோனிகேயா. சுரங்கத்துக்காகக் கிராமத்தார் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். ஒட்டோமான் காலக் கல்வீதிகளும் ரோமானியத் தூண்களும் ஒரே நிழலில் கலந்து கிடக்கின்றன. இவ்வூர் அடித்த பெரிய காசுகளில் காரகல்லாவும் கெட்டாவும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தார்கள். 211 டிசம்பரில், தாயின் மடியிலேயே தம்பியைக் கொல்ல வைத்தார் அண்ணன். கெட்டாவின் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக் கூடாது என்று ஆணை பறந்தது. ஸ்ட்ராடோனிகேயாவில் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கெட்டாவின் முகத்தைத் தேய்த்து அழித்தார்கள். பிறகு செல்லும் என்பதற்கு அடையாளமாகச் சிறு முத்திரை குத்தி மீண்டும் புழக்கத்தில் விட்டார்கள். அந்தக் காசுகளில் இன்று காரகல்லா, எதிரே ஒரு வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழிக்க முயன்றதாலேயே கெட்டா அதில் அதிகமாகத் தெரிகிறார்.

பேரரசர் முகத்தில் விழுந்த வெட்டு நம் மண்ணிலும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் தலையின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. அங்கே காரணம் பகை அன்று; காசாகப் புழங்காமல் வெறும் தங்கமாக மட்டும் மதிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரே வெட்டுக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள். எந்த மண்ணில் கிடைத்தது என்று தெரிந்ததால்தான் அந்த வேறுபாடு நமக்குத் தெரிகிறது.

பாதை முடிவது மத்தியதரைக்கடல் ஓரம், அன்டால்யாவுக்குக் கிழக்கே பெர்கேயில். 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும் ரோமின் வெள்ளிக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனது. விலைகள் ஏறின. வெண்கலம் வாங்கி அச்சடிக்கும் செலவு காசின் மதிப்பைத் தாண்டியது. ஊர்கள் ஒவ்வொன்றாகப் பட்டறையை மூடின. சிற்றாசியாவில் கடைசி வரை தாக்குப்பிடித்தது பெர்கே. 275–276இல் ஆண்ட டாசிட்டஸ், வரலாற்றாசிரியரின் பெயர்கொண்ட பேரரசர், அவர் முகத்தோடு வந்தவைதான் இங்கே கடைசி. எகிப்தின் அலெக்சாந்திரியா இன்னும் இருபது ஆண்டு தொடர்ந்தது. டயோகிளேஷியனின் சீர்திருத்தத்தோடு அதுவும் நின்றது. பிறகு பேரரசு முழுவதும் ஒரே மாதிரிக் காசு. தலையும் ரோமுக்கு, பூவும் ரோமுக்கு.

இந்தப் பாதையில் போகிறவர்கள் குறைவல்ல. வெளிப்படுத்தின விசேஷம் பெயர் சொல்லும் ஏழு சபைகளின் ஊர்களைக் காணத் தமிழ்நாட்டிலிருந்து போகும் யாத்திரைக் குழுக்களுக்கும் எபேசு, சிமிர்னா, பெர்கமு, சர்தை நான்கும் பழகிய பெயர்கள். இடிபாடுகளின் வாசலில் எவராவது உள்ளங்கையில் பழங்காசு காட்டி விலை பேசலாம். வாங்க வேண்டாம். அது போலியாக இருந்தால் உங்கள் பணம் போகும். உண்மையாக இருந்தால், எந்த அடுக்கில், எந்தச் சுவரடியில் கிடந்தது என்ற செய்தி தோண்டியவரின் அவசரத்தில் ஏற்கெனவே அழிந்திருக்கும். துருக்கியின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் கூட. காசைப் பார்க்க ஆசையிருந்தால் செல்சுக், பெர்கமா அருங்காட்சியகங்களுக்குள் நுழையுங்கள். ஊர் திரும்பிய பிறகு, 1992இல் முதல் தொகுதி வெளியான 'ரோமானிய மாகாண நாணயம்' என்ற பெருந்தொகுப்பை இணையத்தில் திறந்து ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். கட்டணம் இல்லை. நீங்கள் நடந்த தெருவில் புழங்கிய காசு, தலையும் பூவுமாக அதில் இருக்கும்.